காற்றுக் கதவும் மூன்று கம்பிகளும்



2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. உறவினர் இல்லத் திருமணத்தை முன்னிட்டு மும்பையிலிருந்து புனேக்குக் குடும்பத்துடன் காரில் புறப்பட்டேன். சஹ்யாத்ரி மலையில் மழை விடாது பெய்துகொண்டிருந்தது. கண்டாலாக் கணவாயின் ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் எஞ்சின் திணறியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைந்ததேயொழியக் கூடவில்லை. பின்னால் கறுத்த புகை. அதற்கும் பின்னால் பாரம் ஏற்றிய லாரிகளின் ஹாரன் ஓசை. பின்னிருக்கையில் எண்பது வயதுத் தாயார். எவ்வாறோ ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். சிறிது நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல் எஞ்சின் ஓடிற்று.

மறுவாரம் வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். சோதனைக் கருவியை இணைத்துப் பார்த்து, "த்ராட்டில் சென்சார் கெட்டுவிட்டது, அது தனியாகக் கிடைக்காது, த்ராட்டில் பாடி முழுவதையும் மாற்ற வேண்டும்" என்றார்கள். என் மாதச் சம்பளத்தில் ஒரு பெரும் பகுதி அதற்குப் போயிற்று. ஒன்பது நாட்களுக்குப் பின் மழை மீண்டும் வலுத்தது. வண்டி மீண்டும் திணறியது.

குற்றம் சென்சாரில் இல்லை. எங்கே இருந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதைக் கண்டுபிடிக்கப் பிடித்த நேரம் ஏறத்தாழ அரைமணி. பயன்பட்ட கருவி ஒரு சாதாரண மல்டிமீட்டர். ஊரை விட்டு வந்து, மொழி முற்றும் வசப்படாத நகரங்களில் வாழும் நம்மவர்கள் பட்டறைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் நிலைமை அடிக்கடி ஏற்படுகிறது. எதிர்த்துப் பேச நமக்கு ஹிந்தியோ மராத்தியோ வங்காளியோ போதாமலிருக்கலாம். ஆனால் வோல்ட் கணக்கு எல்லா மொழியிலும் ஒன்றே. ஆகையால் இந்தச் சிறு சாதனம் எவ்வாறு வேலை செய்கிறது, அதை எவ்வாறு சோதிப்பது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சினில் நமது கால் மிதிப்பது பெட்ரோலை அன்று, காற்றை. எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாயின் நடுவே ஒரு வட்டமான தகடு, குறுக்கே செல்லும் ஓர் அச்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. அச்சு சுழன்றால் தகடு சாய்ந்து வழிவிடும். இந்தக் காற்றுக் கதவுக்குத்தான் த்ராட்டில் என்று பெயர். உள்ளே வரும் காற்றின் எடைக்கு ஏற்றபடி பெட்ரோலைக் கலக்க வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. டீசல் எஞ்சினில் கதை வேறு. அங்கே காற்றைத் தடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. எரிபொருளின் அளவே கூட்டிக் குறைக்கப்படுகிறது. எனவே டீசல் வண்டி வைத்திருப்போர் இக்கட்டுரையில் மிதிகட்டைச் சென்சார் பற்றி வரும் பகுதியைத் தமக்குரியதாகக் கொள்ளலாம்.

அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாட்களில், கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒருவரும் அளக்கவில்லை. கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்து வழியே விரையும் காற்று, தானே பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டது. திடீரென மிதித்தால் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. காற்று இலேசானது, உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். அந்தக் கணத்தில் எஞ்சின் விக்கும். அதைத் தவிர்க்கவே கார்புரேட்டரில் ஒரு சிறு பம்பு வைத்திருந்தார்கள். கதவு திடுமெனத் திறந்தால் அது ஒரு பீச்சு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். பழைய டிரைவர்கள் காலைக் குளிரில் வண்டியைக் கிளப்புமுன் இரண்டு முறை மிதித்துவிடுவது இந்தப் பம்பை நம்பித்தான்.

கார்புரேட்டர் மறைந்து, மின்சாரத்தால் திறந்து மூடும் இஞ்செக்டர்கள் வந்தபோது, அந்தப் பம்பின் வேலையையும் யாராவது செய்தாக வேண்டுமல்லவா? ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட டி-ஜெட்ரானிக் என்னும் அமைப்பில் த்ராட்டில் அச்சின் முனையில் ஒரு மின் ஸ்விட்ச் இருந்தது. கதவின் ஒவ்வொரு கோணத்தையும் தொடர்ச்சியாக அளந்து சொல்லும் சென்சார் அதன் பின்னர் பரவியது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலுக்கு வந்ததோடு மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் இஞ்செக்டர் முறை பரவலாயிற்று. ஆகவே இது கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அன்று.

இனி சென்சாருக்கு வருவோம். வீட்டில் பழைய ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அதன் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்குமே, த்ராட்டில் சென்சாரும் அடிப்படையில் அதுவேதான். வளைந்த ஒரு கரிப் பாதை. அதன் ஒரு முனைக்கு 5 வோல்ட் மின்சாரம் வருகிறது. மறுமுனை எர்த்து, அதாவது சுழி வோல்ட். பாதையின் மேல் உராய்ந்தபடி ஒரு மெல்லிய உலோக விரல் நகர்கிறது. விரல் எர்த்து முனையருகே இருந்தால் குறைந்த வோல்ட்டும், 5 வோல்ட் முனையை நெருங்க நெருங்க அதிக வோல்ட்டும் அதில் கிடைக்கும். அந்த விரலைத் த்ராட்டில் அச்சோடு பிணைத்துவிட்டால் கதவின் கோணம் வோல்ட்டாக மாறிவிடுகிறது. ஆக, மூன்று கம்பிகள்: 5 வோல்ட் கொண்டுவருவது ஒன்று, எர்த்து ஒன்று, செய்தி கொண்டுபோவது ஒன்று. செய்தி சென்று சேருமிடம், மெக்கானிக்குகள் ஈ.சி.எம். என்று குறிப்பிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி.

கதவு மூடியிருக்கும்போது செய்திக் கம்பியில் சுமார் 0.5 வோல்ட் இருக்கும். முழுதும் திறந்தால் சுமார் 4.5 வோல்ட். வண்டிக்கு வண்டி இது சற்று மாறும். மூடியபோது 0 என்றும் திறந்தபோது 5 என்றும் வைத்திருக்கலாகாதா என்று கேட்கலாம். இங்கேதான் இதை வகுத்தவர்களின் முன்யோசனை தெரிகிறது. கம்பி அறுந்தாலோ எர்த்தோடு ஒட்டிக்கொண்டாலோ பெட்டிக்கு 0 தெரியக்கூடும். 5 வோல்ட்டுக் கம்பியோடு ஒட்டிக்கொண்டால் 5 தெரியும். ஆரோக்கியமான சென்சார் அந்த இரு எல்லைகளையும் ஒருபோதும் தொடுவதில்லை என்று வைத்துவிட்டால், எல்லையைத் தொட்ட கணமே, "இது டிரைவரின் விருப்பம் அன்று, பழுது" என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. உடனே எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிட்டு, அந்தச் செய்தியைப் புறக்கணித்து, ஓர் உத்தேச அளவை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்ட முயல்கிறது.

ரேடியோக் குமிழ் நாளடைவில் என்னாகும் என்பதும் நினைவிருக்கும். திருப்பும்போது கரகரவென்று இரையும். அதிகம் பழகிய இடத்தில் கரிப் பாதை தேய்ந்து, விரல் ஒரு கணம் தொடர்பிழக்கிறது. அதுவே அந்த இரைச்சல். த்ராட்டில் சென்சாரிலும் தேய்வு இவ்விதமே. விரல் அதிக நேரம் தங்குமிடங்கள் இரண்டு: கதவு மூடிய நிலைக்கு அருகில், மற்றும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும் சிறு திறப்பு. அதனால்தான் தேய்ந்த சென்சாருள்ள வண்டி, சிக்னலில் நிற்கும்போது குலுங்குகிறது; கால் சற்றே அழுத்தும்போது வெட்டி இழுக்கிறது; பலமாக மிதித்தாலோ பழுதின்றிப் பாய்கிறது.

தேய்வைத் தவிர்க்க உராய்வையே ஒழித்துவிட்டார்கள் இப்போது. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த எட்வின் ஹால், மெல்லிய பொற்றகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி அதைக் காந்தப் புலத்தில் வைத்தார். மின்சாரம் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு சிறு வோல்ட் தோன்றுவதைக் கண்டார். காந்தத்தின் நிலை மாறினால் அந்த வோல்ட்டும் மாறும். இன்றைய பல த்ராட்டில்களில் அச்சின் முனையில் ஒரு காந்தம் சுழல்கிறது. எதிரே, அதைத் தொடாமலே, ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் ஒரு சில்லு அமர்ந்திருக்கிறது. தொடுதல் இல்லை, தேய்வும் இல்லை. ஆனால் சோதிப்பவருக்கு ஒரு பேதம் உண்டு. கரிப் பாதைச் சென்சாரைக் கழற்றி ஓம் கணக்கில் அளக்கலாம். ஹால் சென்சாரை அவ்வாறு அளப்பது அர்த்தமற்றது. இணைப்பில் வைத்து, மின்சாரம் ஊட்டி, வோல்ட்டைத்தான் அளக்க வேண்டும்.

இதற்கிடையில் மற்றொரு பெரிய மாறுதலும் நேர்ந்திருக்கிறது. புதிய கார்களில் மிதிகட்டையையும் காற்றுக் கதவையும் இணைக்கும் கம்பிக்கயிறு கிடையாது. மிதிகட்டையில் ஒரு சென்சார். அது டிரைவரின் விருப்பத்தைப் பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி ஒரு சிறு மோட்டாரைக் கொண்டு கதவைத் திறக்கிறது. கதவு சொன்னபடி திறந்ததா என்பதைக் கதவுச் சென்சார் திரும்பச் சொல்கிறது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒரு சென்சார் பொய் சொன்னால் உயிருக்கே ஆபத்து அல்லவா? எனவே மிதிகட்டையிலும் கதவிலும் ஒவ்வோர் இடத்தும் இரண்டிரண்டு சென்சார்கள். அவ்விரண்டும் ஒரே அளவைச் சொல்வதில்லை. சில வண்டிகளில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கூட்டினால் எப்போதும் ஏறத்தாழ 5 வோல்ட். வேறு சிலவற்றில், குறிப்பாக மிதிகட்டையில், ஒன்று மற்றதில் பாதியாக இருக்கும். இரண்டு கம்பிகள் தவறுதலாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு உடனே பிசகிவிடும், பெட்டியும் விழித்துக்கொள்ளும். அப்போது அது மோட்டாரை விட்டுவிடுகிறது. ஒரு வில் கதவைச் சற்றே திறந்த நிலையில் நிறுத்துகிறது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து ஓரம் சேர அது போதும். பலர் இதை எஞ்சின் கெட்டுவிட்டதாக எண்ணிப் பதறுகிறார்கள். உண்மையில் அது காப்பாற்றும் ஏற்பாடு.

பழுதைப் பெட்டி ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது. ஸ்டியரிங்கின் கீழே உள்ள பதினாறு முனைச் சொருகியில் கருவியை இணைத்தால் அது தெரியும். பி 0122 என்றால் செய்தி வோல்ட் மிகக் குறைவு. பி 0123 என்றால் மிக அதிகம். பி 0121 என்றால் செய்தி மற்றச் சென்சார்களின் சாட்சியோடு ஒத்துவரவில்லை. பி 2135 என்றால் இரட்டையர் இருவரும் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். கவனிக்க வேண்டியது இதுதான். "சென்சார் கெட்டது" என்று இந்த எண்களில் எதுவும் சொல்லவில்லை. வோல்ட் அதிகம் அல்லது குறைவு என்று மட்டுமே சொல்கின்றன. அந்த வோல்ட் பெட்டியிலிருந்து கிளம்பிக் கம்பிகள், சொருகிகள், சென்சார் ஆகியவற்றைக் கடந்து திரும்பி வருகிறது. வழியில் எங்கு கோளாறிருந்தாலும் எண் ஒன்றே. என் வண்டியில் பட்டறையார் கண்டது பி 0123. எண்ணைப் படித்தார்கள், பாகத்தை மாற்றினார்கள். இடையில் அளக்கவில்லை.

அளப்பதற்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். மும்பையில் லாமிங்டன் சாலை, தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட், கல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் இவை தாராளமாகக் கிடைக்கும். இரண்டு மெல்லிய குண்டூசிகளும் வேண்டும். பழைய பாணியில் பல்பு வைத்த சோதனை விளக்கை மட்டும் இந்தக் கம்பிகளில் தொடவே கூடாது. அது இழுக்கும் மின்சாரம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சேதம் விளைவிக்கக்கூடும்.

எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் "ஆன்" நிலையில் வையுங்கள். சென்சாரின் சொருகியைக் கழற்ற வேண்டாம். அதன் பின்புறம், கம்பி நுழையும் இடத்தில், குண்டூசியை மெல்ல நுழைத்து உலோக முனையைத் தொடச் செய்யுங்கள். கம்பியின் மேலுறையைக் குத்தித் துளைப்பவர்கள் உண்டு. அந்தத் துளை வழியே மழைநீர் புகுந்து, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துவிடும். இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாகும். மீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் 5 வோல்ட் கம்பி. 4.9, 5.0, 5.1 என ஏதேனும் காட்டினால் நலம். ஒன்றும் இல்லையென்றால் உடனே பெட்டியைக் குறைகூற வேண்டாம். இதே 5 வோல்ட் பல வண்டிகளில் வேறு சென்சார்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அவற்றில் ஒன்று எர்த்தாகிவிட்டால் எல்லோருக்கும் பட்டினி. ஒவ்வொரு சென்சாராகச் சொருகியைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப உயிர் பெறுகிறதோ, அதுவே குற்றவாளி.

அடுத்தது எர்த்துக் கம்பி. இதை அளப்பவர்கள் மிகக் குறைவு. என் அனுபவத்தில் மிகுந்த பயன் தந்ததும் இதுதான். சிவப்பு முனையைச் சென்சாரின் எர்த்துக் கம்பியில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. என் வண்டியில் 0.7 காட்டியது. கம்பிக் கற்றையை அசைத்தபோது 0.2க்கு இறங்கிற்று, மீண்டும் அசைத்தால் 4 வோல்ட்டுக்குத் தாவியது. கற்றையைப் பிரித்துக்கொண்டே போனேன். பேட்டரித் தட்டின் கீழே, பல சென்சார்களின் எர்த்துக் கம்பிகள் கூடும் முடிச்சில், செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. மும்பையின் உப்புக் காற்றும் மழையும் செய்த வேலை. எர்த்து தளர்ந்தால் கரிப் பாதையின் அடிமுனை சுழியில் நிற்பதில்லை, முழுப் பாதையும் மேலே தூக்கப்படுகிறது, செய்தியும் உயர்ந்துவிடுகிறது. அதே முடிச்சில் காற்றழுத்தச் சென்சாரின் எர்த்தும் இருந்தது. அதன் அளவும் பொய்யாக உயரவே, எஞ்சின் தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலைக் குடித்துத் திணறியது. கணவாயில் கண்ட கறும்புகைக்கு விளக்கம் அதுவே. முடிச்சை வெட்டி, சுத்தமான செம்பு வரை சீவி, ஈயம் பற்றவைத்து, நீர் புகாத உறையிட்டேன். செலவு ஒரு தேநீர் விலையைத் தாண்டவில்லை.

மூன்றாவதாகச் செய்திக் கம்பி. கதவு மூடியபோது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். அருகில் வீட்டார் ஒருவர் இருப்பது நல்லது. எண் படிப்படியாக ஏற வேண்டும். இடையில் சட்டென விழுந்தாலோ தாவினாலோ கரிப் பாதை அவ்விடத்தில் தேய்ந்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில தடவைகளே எண்ணை மாற்றுவதால், நொடியில் மறையும் வீழ்ச்சியைத் தவறவிடும். வீட்டுப் பரணில் முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் இந்த ஒரு சோதனைக்கு அதை எடுங்கள். முள்ளின் துடிப்பைக் கண் தவறவிடாது. இதே சோதனையை எஞ்சின் சூடேறியபின் ஒரு முறையும், சென்சாரை விரலால் இலேசாகத் தட்டியபடி ஒரு முறையும் செய்து பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஒழுங்காயிருந்து சூட்டில் பிசகும் சென்சார்களை நான் கண்டதுண்டு.

மோட்டாரால் இயங்கும் கதவாயின் ஓர் எச்சரிக்கை. சாவி ஆன் நிலையில் இருக்கையில் கதவைக் கையால் தள்ளிப் பார்க்கவே வேண்டாம். மோட்டார் எதிர்பாராமல் இயங்கினால் தகட்டின் விளிம்பு விரலை நசுக்கும். மிதிகட்டையை அழுத்தியே சோதிக்க வேண்டும். இரட்டைச் செய்திகள் இரண்டையும் தனித்தனியே குறித்து, கணக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலும் பழைய மூன்று கம்பி முறைதான். ஆனால் சென்சாரைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தாதீர்கள். ஓர் இழை பிசகினாலும் மூடிய நிலையின் அளவு மாறி, வண்டி நிற்குமிடத்தில் அணைந்து அணைந்து போகும்.

மூன்று அளவுகளும் சரியாயிருந்தும் எஞ்சின் குலுங்கினால் கதவின் விளிம்பைப் பாருங்கள். எண்ணெய்ப் புகையின் கரி அங்கே படிந்து, மூடிய கதவின் ஓரத்தில் கசிய வேண்டிய காற்றை அடைத்துவிடும். அதற்கென விற்கும் திரவத்தால் மென்துணி கொண்டு துடைத்தால் போதும். துடைத்தபின்னும், த்ராட்டிலை மாற்றியபின்னும், பெட்டிக்குப் புதிய மூடிய நிலையைப் பழக்க வேண்டியிருக்கும். சில வண்டிகளில் சாவியைக் குறித்த முறையில் ஆன், ஆஃப் செய்தால் போதும். சிலவற்றுக்குக் கருவி வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டிலோ பட்டறையிலோ கேட்டறிந்து செய்க. இதைச் செய்யாமல் விட்டு, "சுத்தம் செய்தபின் இன்னும் மோசமாகிவிட்டது" என்று சலித்துக்கொள்பவர்கள் அநேகர்.

என்னிடமிருந்து கழற்றிய பழைய த்ராட்டில் பாடியைப் பட்டறையார் ஒரு காகிதத்தில் சுற்றித் திருப்பித் தந்திருந்தார்கள். அவ்வாறு கேட்டு வாங்கிக்கொள்வது நல்ல வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மேஜைமேல் வைத்து, ஓம் அளவில் மீட்டரைப் பொருத்தி, கதவை விரலால் மெல்லத் திறந்தேன். முள் ஒரே சீராக, ஒரு துடிப்புமின்றி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சென்றது.